ஜெர்மன் பேசியவர்கள் கொல்கத்தாவில் விட்டுச்சென்றவை: இந்நகரத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்



ஜெர்மன் மொழி பேசுவோர் கொல்கத்தாவில் எந்தக் காலத்திலும் சிறு கூட்டம்தான். ஆர்மீனியர், பாக்தாதி யூதர், சீனர் ஆகியோருக்கு இந்நகரில் தனித் தெருவும் பேட்டையும் உண்டு. ஜெர்மானியருக்கு அப்படிப் பெயர் சொல்லும்படி ஓர் இடம் அமையவில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகளிலிருந்து வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வேலையாக வந்தவர்கள் அவர்கள். பலர் சில ஆண்டுகளில் ஊர் திரும்பினர். இரண்டு உலகப் போர்களிலும் அவர்களில் பலர் எதிரி நாட்டார் என்று பிடித்து அடைக்கப்பட்டனர். அப்படியிருந்தும் அவர்கள் கொண்டுவந்தவற்றில் சில இன்றும் இந்நகரில் உயிரோடிருக்கின்றன. சில தடமில்லாமல் போயின. எது நின்றது, எது போனது, ஏன் என்பது வேற்றூரில் பண்பாட்டு அமைப்பு நடத்துவோர் அறிந்துகொள்ள வேண்டிய கதை.

இந்தக் கதையின் தொடக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1706இல் ஜெர்மன் மதப்பணியாளர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவருக்குப் பின்னால் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து மதப்பணியாளர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சோழமண்டலக் கரைக்கு வந்தனர். ஹாலேயில் பயின்ற சுவீடன்காரரான கீர்நாண்டர் 1740 முதல் கடலூரில் பணியாற்றியவர். 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்துக்கொண்டபோது அவர் கல்கத்தாவுக்குப் போனார். 1770இல் அவர் அங்கே கட்டி முடித்த தேவாலயத்தை வங்காளிகள் ‘லால் கிர்ஜா’ என்றார்கள். ஹாலேயின் மதப்பணி மரபு கல்கத்தாவுக்குள் நுழைந்தது கடலூர் வழியாகத்தான் என்பது தமிழருக்குச் சிறு பெருமை.

அதற்கடுத்து நினைவுகூரத் தக்கது காஸ்னர் மிஷன். பெர்லினிலிருந்து காஸ்னர் என்ற பாதிரியார் அனுப்பிய நால்வர் 1844இல் கல்கத்தா வந்து, மறு ஆண்டு ராஞ்சிக்குச் சென்று வேலையைத் தொடங்கினர். முதல் உலகப் போரின்போது ஆங்கில அரசு ஜெர்மன் பாதிரிமார்களை வெளியேற்றிவிட்டது. அவர்கள் உருவாக்கிய திருச்சபை கலைந்துபோகும் என்றே எவரும் நினைத்திருப்பர். சோட்டாநாகபுரியின் ஆதிவாசி மக்கள் 1919இல் அதைத் தன்னாட்சித் திருச்சபையாக அறிவித்துத் தாங்களே நடத்தத் தொடங்கினர். இன்றும் நடத்துகின்றனர். கொண்டுவந்தவர் போனபின் ஏற்றுக்கொண்டவர் கையில் பிழைப்பது என்னும் இந்தப் போக்கு கொல்கத்தாவிலும் திரும்பத் திரும்பக் காணக் கிடைக்கிறது.

பாதிரிமாரைவிட வணிகர் எண்ணிக்கையில் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளச் சணலைப் பெருமளவில் வாங்கிய நாடுகளில் ஜெர்மனி ஒன்று. ஜெர்மன் நிறுவனங்கள் கல்கத்தாவில் கிளை வைத்திருந்தன. ஜெர்மன்-ஆசிய வங்கியின் கிளையும் இருந்தது. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897இல் செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து வங்காள அவுரித் தொழிலைப் படுக்கவைத்ததும் இதே காலத்தில்தான். இவ்வணிகரின் வாழ்க்கை பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே நடந்தது. மூன்று ஜெர்மானியர் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒரு சங்கம் தொடங்கிவிடுவார்கள் என்று ஜெர்மானியரே தங்களைக் கேலி செய்துகொள்வதுண்டு. (இந்தக் கேலி வேறு யாருக்குப் பொருந்தும் என்று கொல்கத்தாத் தமிழரிடம் சொல்ல வேண்டியதில்லை.) 1914இல் போர் மூண்டதும் ஜெர்மன் நிறுவனங்களின் கணக்கு முடிக்கப்பட்டது, ஆண்கள் அகமத்நகர் முகாமுக்குப் போனார்கள். அந்த வட்டத்திலிருந்து நகரத்துக்குக் கிடைத்தது என்று எடுத்துச் சொல்ல ஏதுமில்லை.

உலகின் பிற பகுதிகளில் ஜெர்மன் குடியேறிகளின் கதை வேறு. பிரேசிலின் புளூமெனாவ் 1850இல் ஜெர்மன் குடும்பங்கள் காடு திருத்தி உண்டாக்கிய ஊர். வீடு, வயல், கோயில், பள்ளி எல்லாம் அவர்களுடையவை. 1930களின் கடைசியில் வர்காஸ் அரசு ஜெர்மன்மொழிப் பள்ளிகளை மூடியபோதும் மொழி அடுக்களையில் பிழைத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்கள் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் ஜெர்மன் பேச்சுவழக்கை வீட்டில் காத்துவருகிறார்கள். கல்கத்தாவில் அப்படிப்பட்ட வீடுகள் இல்லை. பாட்டி பேத்திக்குச் சொல்லித்தரும் வழி அடைபட்டிருந்ததால், இங்கு ஜெர்மன் பண்பாடு நிலைக்க வேண்டுமானால் அது வெளியாரிடம்தான் நிலைத்தாக வேண்டும்.

அப்படி நிலைத்தவற்றில் முதலாவது ஓர் அறிவுத்துறை. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1896இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து வியன்னாவில் கலைவரலாறு படித்தவர். ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதன் வந்து, 1924 முதல் 1950 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தியக் கலை கற்பித்தார். 1922 டிசம்பரில் இந்தியக் கீழைக்கலைச் சங்கம் கல்கத்தாவில் நடத்திய ஓவியக் கண்காட்சியில் ஜெர்மனியின் வைமர் பௌஹவுஸ் கலைப்பள்ளிக் கலைஞர்களான கிளே, கண்டின்ஸ்கி முதலியோரின் படைப்புகள் இடம்பெறப் பாடுபட்டவரும் அவரே. ஐரோப்பாவிலேயே பலர் அறியாத பௌஹவுஸ் ஓவியங்களை ககனேந்திரநாத் தாகூரின் ஓவியங்களோடு ஒரே கூரையின்கீழ் கல்கத்தாக்காரர்கள் பார்த்தார்கள். ஓவியர் அபனீந்திரநாத் தாகூருடன் சேர்ந்து கிராம்ரிஷ் நடத்திய ஆய்விதழும், 1946இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘இந்துக் கோயில்’ என்னும் இரு தொகுதி நூலும் வியன்னாவில் கற்ற நோக்குமுறையை இந்தியச் சிற்பத்தின்மேல் செலுத்திப் பார்த்ததன் விளைவு. கலைப்பொருளைப் பார்க்கும் கண்ணைத்தான் அவர் வியன்னாவிலிருந்து கொண்டுவந்தார். அது அவருடைய மாணவர்களிடம் தங்கியது.

இரண்டாவது ஓர் அடுமனை. பார்க் ஸ்ட்ரீட்டும் மிடில்டன் ரோவும் சந்திக்கும் முனையில் இருக்கும் ஃப்ளூரிஸ், 1927இல் சுவிஸ் தம்பதியரான ஜோசப், ஃப்ரீடா ஃப்ளூரி தொடங்கியது. மிட்டாய்க்கலையைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் போவது சுவிஸ்காரருக்குப் புதிதன்று. மலைநாட்டு மாகாணமான கிரௌபுண்டனிலிருந்து போன மிட்டாய்க்காரர்கள் வெனிஸ் நகரில் பெருங்கூட்டமாக இருந்தனர். 1766இல் வெனிஸ் அவர்களைத் துரத்திவிட, ஐரோப்பா முழுவதும் கடை விரித்தனர். கல்கத்தாவுக்கு வந்த ஃப்ளூரி தம்பதியர் அந்த நீண்ட மரபின் கடைக்கோடியில் நிற்பவர்கள். தொடக்கத்தில் அவர்களின் கூட்டாளியாக இருந்த சின்சியோ டிரிங்காவும் சுவிஸ்காரரே. பின்னர் அவர் பிரிந்துபோய் எதிர்ச்சாரியிலேயே டிரிங்காஸ் என்ற கடையைத் திறந்தார்.

ஃப்ளூரிஸின் கண்ணாடிப் பெட்டியைக் கூர்ந்து பார்த்தால் பண்பாடு கடல் தாண்டும்போது என்ன ஆகிறது என்பது புலப்படும். ரம் பால் இருக்கிறது: மிஞ்சிய கேக்கை உதிர்த்து, கோக்கோவும் ரம்மும் விட்டுப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டிச் சாக்லேட் பூசுவது. ஜெர்மன் பேசும் நாடுகளின் அடுமனைகளில் எதையும் வீணாக்காத சிக்கனத்தில் பிறந்த பண்டம் இது. ஈஸ்டர் வந்தால் சாக்லேட் முட்டைகளும், பாதாம் பருப்பைச் சர்க்கரையோடு அரைத்துச் செய்யும் மார்சிபான் முட்டைகளும் வரிசையாக அமர்கின்றன. அதே பெட்டியில் கிறிஸ்துமஸ் பிளம் கேக் இருக்கிறது. காலைச் சிற்றுண்டியில் டோஸ்ட்டின்மேல் கொட்டிய அவரை விதையும் இருக்கிறது. பின்சொன்ன இரண்டும் ஆங்கிலேயச் சரக்கு. சுவிட்சர்லாந்துக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அன்றைய வாடிக்கையாளர் ஆங்கிலேயர் என்பதால் அவர்கள் நாக்குக்கு ஃப்ளூரி தம்பதியர் இசைந்துபோனார்கள். ஆங்கிலேயர் போனபின் அந்தக் கலவையையே வங்காளிகள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1960களில் கடை ஏபீஜே குழுமத்தின் கைக்கு மாறியது. கிறிஸ்துமஸ் நாள்களில் அங்கு வரிசையில் நிற்கும் வங்காளிக் குடும்பத்துக்கு அது சுவிஸ் கடை என்பது ஒரு தகவல்தான். அவர்களுக்கு அது கல்கத்தாக் கடை. தூய்மையைப் பிடித்துக்கொண்டு சுவிஸ் பண்டம் மட்டுமே விற்பேன் என்று ஃப்ளூரி தம்பதியர் அடம்பிடித்திருந்தால் அந்தக் கடை ஆங்கிலேயரோடு கப்பலேறியிருக்கக்கூடும்.

எதிர்க்கடையான டிரிங்காஸின் கதை இன்னும் வேடிக்கை. 1959இல் அது பூரி, ஜோஷுவா என்ற இருவர் கைக்கு மாறி இசை முழங்கும் உணவகமாயிற்று. 1969இல் காஞ்சிபுரம் பட்டுச் சேலையும் பெரிய பொட்டுமாக ஒரு தமிழ்ப்பெண் அந்த மேடையில் ஆங்கிலப் பாட்டுப் பாட வந்தார். சுவிஸ்காரர் பெயர் தாங்கிய கடையில் பாடத் தொடங்கிய உஷா உதுப் பிறகு கொல்கத்தாவின் சொந்தக் குரலாகவே ஆகிவிட்டார்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் மீண்டும் பிடிக்கப்பட்டனர். ஹிட்லருக்குத் தப்பி வந்த யூத அகதிகளும் முதலில் இந்த வலையில் சிக்கினர். சாந்திநிகேதனில் கற்பித்துவந்த பிரெஸ்லாவ் யூதரான அலெக்ஸ் ஆரன்சனும் அவர்களில் ஒருவர்; தாகூர் தலையிட்டு அவரை மீட்டார். விடுபடாதவர்கள் பல முகாம்கள் மாறிக் கடைசியில் டேராடூன் முகாமில் சேர்க்கப்பட்டனர். முள்வேலிக்குள் அவர்கள் இசைக்குழு அமைத்தார்கள், நாடகம் போட்டார்கள், ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள். இந்திய மண்ணில் ஜெர்மன் பண்பாடு கலப்பில்லாமல் நடந்த இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த முகாம்தான். போர் முடிந்து முகாம் கலைந்ததும் அதுவும் கலைந்தது. சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு என்பதால் சுவிஸ்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. பார்க் ஸ்ட்ரீட் அடுமனை தப்பியதில் அந்தப் பாஸ்போர்ட்டுக்கும் பங்குண்டு.

விடுதலைக்குப் பின் ஹவுரா-பம்பாய் ரயில் பாதையிலுள்ள ரூர்கேலாவில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு உருக்காலை எழுந்தது. முதல் ஊதுலை 1959 பிப்ரவரியில் இயங்கத் தொடங்கியது. ஆலை கட்டிய காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் அங்கு குடியிருந்தனர். அவர்களுக்குத் தனி ஜெர்மன் கிளப்பே இருந்தது. ஆலை நிமிர்ந்ததும் அவர்கள் ஊர் திரும்பினர். இன்று ரூர்கேலாவில் அவர்கள் பெயர் சொல்வது இரும்புதான். தாயகத்தை அப்படியே நகலெடுத்து வேலிக்குள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, வந்தவர்கள் இருக்கும்வரை அவர்களுக்கு ஆறுதல் தரும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

1957இல் கல்கத்தாவில் தொடங்கிய மாக்ஸ் முல்லர் பவன் வேறு கணக்கில் இயங்கியது. ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் கெத்தே நிறுவனத்துக்கு இந்தியாவில் சூட்டிய பெயர் அது. ரிக்வேதத்தைப் பதிப்பித்த, ஆனால் இந்தியாவை ஒருமுறைகூடப் பார்த்திராத அறிஞரின் பெயரைத் தேர்ந்தெடுத்ததிலேயே நோக்கம் தெரிகிறது: உள்ளூரார் ஏற்கெனவே மதிக்கும் ஒருவர் வழியாக உள்ளே வருவது. சென்னையில் பவன் திறந்தது 1960இல். கொல்கத்தாப் பவனின் பாடவகுப்பில் உட்காருபவர்கள் வங்காளிகள். கற்பிப்பவர்களிலும் வங்காளிகள் உண்டு. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் தேர்வு, தேர்ச்சிக்கு உலகம் முழுவதும் செல்லும் சான்றிதழ். பொறியியல் மேற்படிப்புக்குப் போகிறவர், செவிலியர் வேலைக்குப் போகிறவர், ஜெர்மனியில் வேலை பார்க்கும் கணவனிடம் போக விசா வேண்டிய மனைவி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2007 முதல் வாழ்க்கைத்துணை விசாவுக்குப் பொதுவாக அடிப்படை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். மொழிப்பற்றால் மட்டும் நிரம்பும் வகுப்பு அன்று அது. தேவையால் வந்தவர்களில் சிலர் பற்றோடு வெளியே போகிறார்கள். அதுவே போதுமானதாக இருக்கிறது.

இதற்கெல்லாம் பெரிய அரசின் பணம் பின்னால் இருக்கிறது என்பது உண்மை. ஜெர்மன் அரசு கெத்தே நிறுவனத்துக்குத் தரும் நிதியோடு எந்தத் தமிழ்ச் சங்கத்தின் சந்தாவும் போட்டியிட முடியாது. ஆனால் பணம் மட்டும் காரணமென்றால் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டுக்கு வங்காளத்தில் கிடைத்த இடத்துக்கு விளக்கம் கிடைக்காது. 1969இல் அஜிதேஷ் பந்தோபாத்யாய் நந்திகார் நாடகக் குழுவுக்காக பிரெக்ட்டின் மூன்றுகாசு நாடகத்தை வங்காளமாக்கி மேடையேற்றினார். லண்டன் பிச்சைக்காரர்களும் திருடர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பாட்டுகள் வங்காளப் பாட்டுகளாயின. இடதுசாரி அரசியல் சூடு பிடித்திருந்த நகரத்தில் அது பசிக்குக் கிடைத்த சோறு. அதே காலத்தில் கவிஞர் புத்ததேவ் போஸ், தாம் 1956இல் ஜாதவ்பூரில் தொடங்கிய ஒப்பிலக்கியத் துறையோடு, ஜெர்மன்மொழிக் கவிஞர்களான ரில்கேயையும் ஹோல்டர்லினையும் வங்காள வாசகருக்கு அறிமுகமாக்கியிருந்தார். ஜெர்மானியர் எவரும் கேட்டுக்கொள்ளாமலே நடந்தவை இவை.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. 1973இல் இந்தியா வந்த மார்ட்டின் கெம்ப்ஷன் கோல்பார்க் ராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டுக் கழகத்தில் ஜெர்மன் கற்பித்தவர். 1980 முதல் சாந்திநிகேதனைத் தம் ஊராக்கிக்கொண்டு தாகூர் கவிதைகளை வங்காள மூலத்திலிருந்தே ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். ஜெர்மானியராக அவர் இங்கு மதிக்கப்படுவது வங்காளத்தை அவர் கற்றதால்தான். குடியேறியவன் தன் மொழிக்கு மரியாதை தேடும் குறுக்குவழி, ஊர்க்காரன் மொழியை நன்றாகக் கற்பதே.

கொல்கத்தாத் தமிழருக்கு இதே சாதனை கைவசம் இருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்து 1950களில் கல்கத்தாவில் குடியேறிய எழுத்தாளர் சு. கிருஷ்ணமூர்த்தி வங்காளத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து வங்காளத்துக்கும் மொழிபெயர்த்தவர். சிலப்பதிகாரத்தை வங்காளிகளுக்குத் தந்தவர். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலை வங்காளமாக்கியதற்கு சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்றார். ஃப்ளூரிஸுக்கு ஈடும் தமிழர் பக்கம் உண்டு. லேக் மார்க்கெட்டில் வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், அரைத்த காப்பித்தூள் வாங்க வருபவர்களில் வங்காளிகளும் உண்டு. கோமளவிலாஸ், பனானா லீஃப், ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம் ஆகியவற்றில் தோசைக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் தமிழைவிட வங்காளமே அதிகம் கேட்கிறது. சாப்பாட்டு விஷயத்தில் தமிழர் சுவிஸ்காரரைவிட ஒரு படி மேல் என்றே சொல்லலாம். பண்டத்தின் பெயரும் மாறவில்லை, பக்குவமும் அதிகம் மாறவில்லை.

குறை இருப்பது மொழியில். கொலுவும் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் கச்சேரியும் தமிழ்க் குடும்பங்களை ஒன்றுகூட்டுகின்றன. அந்தக் குடும்பங்களின் எண்ணிக்கையோ குறைந்துவருகிறது. சவுதர்ன் அவென்யூவிலும் லேக் ரோட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். புதிதாக வருவோர் சில ஆண்டு மாற்றலில் வரும் வங்கி ஊழியரும் மத்திய அரசு அலுவலரும். அந்த வகையில் அவர்கள் சணல் வாங்க வந்த ஜெர்மானியரைப் போன்றவர்கள். தமிழருக்கு மட்டுமான விழாக்களால் இந்தக் கணக்கு நேராகாது. இங்குள்ள வங்காளிக்குத் தமிழ் கற்க ஒரு காரணம் இருந்தால் நேராகலாம்.

காரணம் கண்ணெதிரே இருக்கிறது. மேற்கு வங்காளத்திலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் சென்னை மருத்துவமனைகளுக்கும் போகும் நோயாளிகளும் உடன் போகும் உறவினரும் ரயில் ரயிலாகப் பயணிக்கிறார்கள். வேலூரின் விடுதிக்காரரும் ஆட்டோக்காரரும் மருந்துக்கடைக்காரரும் அவர்களுக்காக வங்காளம் கற்றுக்கொண்டு பெயர்ப்பலகையும் வங்காளத்தில் எழுதிவிட்டார்கள். வேலூரைத் தாண்டினால் அந்த வசதி இல்லை. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகும் முர்ஷிதாபாத், மால்டா மாவட்டத்து இளைஞர்களுக்கும், பிற ஊர்க் கல்லூரிகளுக்குப் போகும் மாணவருக்கும் முதல் ஆறு மாதம் ஊமை வாழ்க்கைதான்.

இவர்களுக்கென ஒரு தமிழ் வகுப்பு தொடங்கக் கெத்தே நிறுவனத்தின் நிதி தேவையில்லை. சங்கக் கட்டடத்தில் சனி, ஞாயிறு மாலை காலியாக இருக்கும் ஓர் அறை, வங்காளம் நன்றாகத் தெரிந்த இரண்டு தமிழாசிரியர்கள், வங்காள எழுத்தில் உச்சரிப்பு தந்த நாற்பது பக்கப் பாடநூல், முடிவில் ஓர் எளிய தேர்வும் சான்றிதழும் போதும். இலக்கணத்தில் தொடங்காமல், எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, சம்பளம் எந்தத் தேதி, இந்தப் பேருந்து எங்கே போகும் என்பவற்றில் தொடங்க வேண்டும். பேருந்துப் பலகையையும் மருந்துச் சீட்டையும் படிக்குமளவு எழுத்துப் பயிற்சி அடுத்து வரலாம். கட்டணம் வாங்க வேண்டும், குறைவாக. இலவச வகுப்பில் வருகை நிலைப்பதில்லை. அறிவிப்பு வங்காளத்தில் இருக்க வேண்டும். அதை ஒட்ட வேண்டிய இடங்கள் ஹவுரா, ஷாலிமார் ரயில் நிலையங்களின் முகப்பும் லேக் மார்க்கெட் தோசைக்கடைகளின் கல்லாப்பெட்டி அருகும்.

இப்படிக்கு,
இந்நகரத் தமிழ் வாசகர் ஒருவர்